வரி நோட்டு

ஆடி பிறந்தால் எனக்கு ஒரு போன் வரும். இந்த வருஷமும் வந்தது. எங்கள் ஊரில் இப்போது கோயில் வரி வசூலிப்பவன் எனக்கு ஒன்றுவிட்ட தம்பி மகன். ‘‘பெரியப்பா, இந்த வருஷம் தலைக்கட்டுக்கு 3,000. செடல் திருவிழாவ பெருசா பண்றோம், பாட்டுக் கச்சேரி வேற இருக்கு. ஜிபேல போட்டுடுறீங்களா?’’ என்றான்.

நான் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன். ‘‘காலனியில வாங்கினீங்களாடா?’’

கொஞ்ச நேரம் சத்தமில்லை. ‘‘அதெல்லாம் பழக்கம் இல்லையே பெரியப்பா. உங்களுக்குத் தெரியாததா?’’

‘‘சரி, அங்க வாங்கினப்புறம் எனக்குப் போன் பண்ணு.’’

1998-லிருந்து வருஷத்துக்கு ஒரு தடவை இந்தப் பேச்சு நடக்கிறது. போன் செய்யும் ஆள்தான் மாறுகிறான். சமையலறையிலிருந்து என் மனைவி, ‘‘சின்னப் பையன்கிட்ட எதுக்கு மல்லுக்கட்டுறீங்க? ஊரோட ஒத்துப் போனா என்ன கொறைஞ்சிடும்?’’ என்றாள். கூழ் வார்க்கிற அன்று இரண்டு படி கேழ்வரகு மாவை அவள் தன் நாத்தனார் வீட்டுப் பானையில் சேர்த்துவிடுவாள். அது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். நாங்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை.

வரி கொடுக்காததால் ஊரில் என்னை நாத்திகன் என்கிறார்கள். நான் நாத்திகன் இல்லை. விடியற்காலை நாலரைக்கு எழுந்து விளக்கேற்றி உட்காருகிறவன். அப்படியானால் எந்தச் சாமி, எந்த மதம் என்று கேட்டால் சட்டென்று பதில் வருவதில்லை. எங்கே ஆரம்பித்தது என்று மட்டும் சொல்லத் தெரியும். ஒரு நோட்டில் ஆரம்பித்தது.

1981. எனக்கு 19 வயது, பி.காம். படித்துக்கொண்டிருந்தேன். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று ஊர் வரி நோட்டை என்னிடம் கொடுத்தார்கள். பண்ருட்டிப் பக்கத்துக் கிராமத்தில் அது சின்ன விஷயம் இல்லை. மாரியம்மன் கோயில் வாசலில், வேப்ப மரத்தடியில், பெஞ்சுப் பலகை போட்டு உட்கார்ந்தால் பெரிய மனிதர்கள் எல்லாம் வரிசையாக வந்து என் முன்னால் நிற்பார்கள்.

தலைக்கட்டு என்றால் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கல்யாணமாகித் தனிக்குடும்பமான ஆண் ஒரு தலைக்கட்டு. எங்கள் ஊரில் விதவை வீடு அரைத் தலைக்கட்டு, வரியும் பாதி. என் சித்திக்கு அப்போது 34 வயது. அவள் பெயருக்கு எதிரே ‘அரை’ என்று நானே என் அழகான கையெழுத்தில் எழுதினேன். வெளியூர்க்காரர்களுக்கு வரி ஒரு சுமை மாதிரித் தோன்றலாம். அது சுமை இல்லை, பாத்தியதை. வரி கட்டின வீட்டின் முன்னால்தான் அம்மன் நிற்பாள், அந்த வீட்டுக்குத்தான் வெட்டின கிடாயில் பங்கு வரும், அந்த வீட்டில் சாவு விழுந்தால்தான் ஊர்ப் பறை வரும். ஆகவே ஒருவரை ஒதுக்க வேண்டுமானால் அவரை அடிக்கவோ திட்டவோ வேண்டாம். அவர் கொடுக்கும் காசை வாங்காமல் இருந்தாலே போதும்.

அந்த வருஷம் வரி 15 ரூபாய். மூன்றாம் நாள் காலையில் காலனியிலிருந்து ஒருவர் வந்தார். எங்கள் முந்திரித் தோப்பில் கொட்டை பொறுக்குகிறவர். என்னைவிட முப்பது வயதாவது மூத்தவர். அவரை நான் சின்ன வயதிலிருந்தே பெயர் சொல்லி, வா போ என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஊர்த்தெருப் பையன்கள் எல்லோரும் அப்படித்தான். கையில் மஞ்சப்பை. பலகையின் அந்த ஓரத்தில் அதை வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றார்.

‘‘எங்க தெருவுல 28 தலைக்கட்டுங்கய்யா. 420 ரூவா இருக்குது. எண்ணிப் பாத்து எழுதிக்கங்க.’’

19 வயதுப் பையனை ஐயா என்றார். அன்றைக்கு அது காதில் உறுத்தவில்லை. எண்ணினேன். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்த் தாள்கள்தான் அதிகம், கொஞ்சம் சில்லறை. கணக்குச் சரியாக இருந்தது. முன்பாதி நோட்டில் ஊர்த் தெருக்கள் முடிந்திருந்தன. பின்பாதியில் புதுப் பக்கம் எடுத்து, ‘காலனித் தெரு’ என்று தலைப்புப் போட்டு அடிக்கோடு இட்டேன். எனக்கு எந்தப் புரட்சி எண்ணமும் இல்லை. பணம் வந்தது, வரவு வைத்தேன், அவ்வளவுதான். அவர் சொல்லச் சொல்ல நாலு பெயர் எழுதியிருப்பேன்.

குளித்துவிட்டு ஈர வேட்டியோடு நாட்டாண்மை வந்தார். நோட்டைப் பார்த்தார். சத்தம் போடவில்லை. ‘‘யாரு எழுதச் சொன்னது?’’ என்று என்னைத்தான் கேட்டார். எதிரே நின்றவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. ‘‘அந்தத் தாளக் கிழிச்சிடு.’’

என் அப்பா பக்கத்தில்தான் நின்றிருந்தார். அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் வேப்ப மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிழித்தேன். மஞ்சப்பையைப் பலகையின் அந்த ஓரத்துக்கே நகர்த்தினேன். ‘‘சரிங்க’’ என்று எடுத்துக்கொண்டு போனார். திரும்பவும் எண்ணிப் பார்க்கவில்லை.

நடுவில் தையல் போட்ட நோட்டு அது. பின்பாதியில் ஒரு தாளைக் கிழித்தால் முன்பாதியில் அதன் ஜோடித் தாள் பிடிமானம் விட்டுக் கழன்றுவிடும். சாயங்காலம் நோட்டை எடுத்தபோது ஒரு தாள் தனியாக வந்து மடியில் விழுந்தது. எங்கள் தெருப் பக்கம். முதல் பெயர் அப்பாவுடையது. சோற்றுப் பருக்கையை நசுக்கி ஒட்டினேன். காய்ந்ததும் அந்தத் தாள் மட்டும் அப்பளம் மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது.

இதற்குப் பிறகு ஒரே ராத்திரியில் எனக்கு எல்லாம் வெறுத்துப்போனது என்று எழுதினால் நன்றாக இருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அன்றிரவு அம்மன் புறப்பாட்டில் நானும் தோள் கொடுத்தேன். பசித்தது, பொங்கல் சாப்பிட்டேன். அப்புறம் 17 வருஷம் ஒழுங்காக வரி கட்டியிருக்கிறேன். கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது, நானே ஒரு தலைக்கட்டு ஆனேன். நோட்டு தீரும்வரை வருஷா வருஷம் அந்த விறைத்த தாள் விரலில் பட்டுக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

எல்லாச் சாதியாரும் கோயிலுக்குள் போகலாம் என்று சென்னை மாகாணத்தில் 1947-லேயே சட்டம் வந்துவிட்டது. நான் பிறப்பதற்கு 15 வருஷம் முன்பு. எங்கள் வரி நோட்டுக்குள் அது வரவில்லை. பழைய கதையைக் கிளறுகிறேன் என்று நினைக்கிறவர்கள், விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலை 2023-இல் எதற்காகச் சீல் வைத்தார்கள் என்று விசாரித்துப் பார்க்கலாம். எங்கள் ஊரிலிருந்து ரொம்ப தூரமில்லை.

அப்பா 1998-இல் போனார். அவர் இருந்தவரை எனக்குத் தைரியம் வரவில்லை என்பதுதான் உண்மை. அந்த ஆடியில் வரி கேட்டு வந்தவர்களிடம் முதல்முறையாக அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

நடுவில் வேறு இடங்களுக்கும் போயிருக்கிறேன். கூட வேலை பார்த்த ஒருவர் ஜெபக் கூடத்துக்குக் கூட்டிப் போனார். பாட்டெல்லாம் நன்றாக இருந்தது, எட்டு மாதம் போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தசமபாகம் கொடுத்தவர்களின் பெயர்களைத் தொகையோடு வாசித்தார்கள். இந்த நோட்டு எனக்குத் தெரியுமே என்று எழுந்து வந்துவிட்டேன். யோகா சொல்லித்தரும் இடம் ஒன்றில் முதல் நிலை, இரண்டாம் நிலை என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். இரண்டாம் நிலையோடு நின்றுகொண்டேன். மூச்சுப் பயிற்சி மட்டும் இன்றைக்கும் உதவுகிறது, அதை மறுக்கக் கூடாது. பகுத்தறிவுக் கூட்டங்களிலும் உட்கார்ந்திருக்கிறேன். அவர்கள் சொன்னதில் முக்கால்வாசி எனக்குச் சம்மதம். ஆனால் மாமரம் பூத்திருப்பதைப் பார்த்தால் கை தானாகக் குவிகிறது. அந்தக் கையை என்ன செய்வது என்று அவர்கள் சொல்லவில்லை.

வடலூர் எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். தைப்பூசக் கூட்டத்தில் சின்ன வயதில் தோளில் உட்கார்ந்து போயிருக்கிறேன். பக்கத்தில் இருப்பதாலேயே கண்ணில் படாமல் போன ஊர். 2001-இல் தணிக்கை வேலையாக அந்தப் பக்கம் போய், மதியம் ஹோட்டல் தேடி நடக்கச் சோம்பல்பட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் சோறு போடும் வள்ளலாரின் தருமச்சாலையில் நுழைந்தேன். உண்மையில் சோம்பல்தான் காரணம்.

தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். என் இடப்பக்கம் அழுக்கு வேட்டி கட்டிய ஒருவர், தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தார். வலப்பக்கம் பள்ளிச் சீருடையில் ஒரு பெண். இலை விழுந்தது, சோறு விழுந்தது, சாம்பார் விழுந்தது. வாளியோடு வந்தவர், நான் பாதி சாப்பிட்டிருக்கும்போது, ‘‘இன்னும் கொஞ்சம் போடட்டுமா?’’ என்று கேட்டார். அந்த இடத்தில் என்னிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி அதுதான். எந்த ஊர், என்ன பெயர், யார் மகன், எதுவும் இல்லை. கணக்கன் புத்தி, சாப்பிட்டு முடித்ததும் சுற்றுமுற்றும் தேடினேன். நன்கொடைக்கு ரசீது இருந்தது, 50 ரூபாய் கொடுத்து ஒன்று வாங்கினேன். சாப்பிட்டவர்களை எழுதிவைக்கும் நோட்டு மட்டும் எங்கும் தென்படவில்லை.

உள்ளே அந்த அடுப்பைப் பார்த்தேன். 1867 மே 23 அன்று வள்ளலார் மூட்டிய அடுப்பு. அன்றிலிருந்து அணையாமல் எரிகிறது. சாலைக்கும் சபைக்கும் பார்வதிபுரத்து ஜனங்கள் 80 காணி நிலம் எழுதிக் கொடுத்தார்கள். சத்திய ஞான சபை அதற்கு ஐந்து வருஷம் கழித்து, 1872 தைப்பூசத்தில்தான் வந்தது. முதலில் அடுப்பு, அப்புறம்தான் வழிபாட்டு இடம். இந்த வரிசை எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் ஊரில் முதலில் கோபுரம், அப்புறம் மண்டபம், அப்புறம் ஒலிபெருக்கி. சோறு வருஷத்தில் ஒரு நாள்.

அதற்குப் பிறகு அவரைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். மருதூரில் 1823-இல் பிறந்தவர், சென்னை ஏழுகிணற்றில் வளர்ந்தவர், முருகனையும் சிவனையும் உருகி உருகிப் பாடியவர். அந்த மனிதர் 1873 அக்டோபரில் மேட்டுக்குப்பத்தில் ஜனங்களைக் கூட்டிவைத்து, சைவ சமயத்தின் மேல் தனக்கிருந்த பற்று எவ்வளவு என்று சொல்ல முடியாது, அது இப்போது போய்விட்டது என்று வெளிப்படையாகவே சொன்னார். அறைக்குள் இருந்த விளக்கை வெளியே எடுத்து வைத்து இதைப் பாருங்கள் என்றார். மூன்று மாதம் கழித்து, 1874 ஜனவரி 30 அன்று, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் என்ன ஆனார் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். எனக்கு அந்தச் சண்டையில் ஆர்வமில்லை. ஐம்பது வயதில், பாடின பாட்டெல்லாம் ஊரே பாடிக்கொண்டிருக்கும்போது, எனக்கு அந்தப் பற்று போய்விட்டது என்று சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! நான் ஒரு வரி நோட்டுக்கு 17 வருஷம் எடுத்துக்கொண்டவன்.

அப்படியானால் சன்மார்க்கத்தில் சேர்ந்துவிட வேண்டியதுதானே என்பீர்கள். அங்கேயும் எனக்கு ஒரு தகராறு இருக்கிறது. ஞான சபை வாசலில், கொலையும் புலையும் தவிர்த்தவர்கள் மட்டும் உள்ளே வரலாம் என்று எழுதியிருக்கிறது. புலை என்றால் புலால் உண்பது. நான் கடலூர் மாவட்டத்துக்காரன். நெத்திலிக் குழம்பை விடுவதற்கு மூன்று முறை முயன்றேன். அதிகபட்சம் ஏழு மாதம். ஆகவே ஒவ்வொரு தடவையும் அந்தப் பலகைக்கு வெளியிலேயே நின்று கும்பிட்டுவிட்டு வருகிறேன். அந்த விதியில் நியாயம் இருக்கிறது, பிறப்பைப் பார்த்து வைத்த விதி இல்லை, நான் நினைத்தால் நாளைக்கே உள்ளே போகலாம். எங்கள் ஊர்க் கதவுக்கும் இந்தக் கதவுக்கும் வித்தியாசம் தெரியாதவன் இல்லை நான். ஆனாலும் எனக்குச் சாலைதான் தோதாக இருக்கிறது. அங்கே நேற்று என்ன தின்றாய் என்று கேட்பதில்லை, இன்றைக்குப் பசிக்கிறதா என்றுதான் கேட்கிறார்கள்.

உள்ளூர்ச் சங்கத்துப் பெரியவர் ஒருவர் அன்பான மனிதர். உறுப்பினர் படிவம் கொடுத்தார். பெயர், தகப்பனார் பெயர், விலாசம், கீழே உறுதிமொழி. நிரப்புகிறேன் என்று சட்டைப் பையில் வைத்தேன். அது அங்கேயே இருந்து துவைக்கும்போது கூழாகிவிட்டது. அவர் மறுபடி கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

எவ்வளவு சுத்தமாக ஆரம்பித்தாலும் பழைய வாசனை திரும்ப வந்து ஒட்டிக்கொள்கிறது என்பதற்கும் வடலூரே சாட்சி. ஜோதியைத் தவிர வேறொன்றும் வேண்டாம் என்று அவர் வைத்துவிட்டுப் போன சபையில் காலப்போக்கில் லிங்கம் வந்தது, பூசை வந்தது. அது கூடாது என்று 2006-இல் அறநிலையத் துறை உத்தரவு போட வேண்டியிருந்தது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய் அந்த உத்தரவே நின்றது. சாமியை வெளியே எடுக்க அரசாங்க உத்தரவு வாங்கிய ஊர் வேறெங்காவது இருக்கிறதா என்று தெரியவில்லை.

சரி, நான் என்னதான் செய்கிறேன்?

நாலரைக்கு எழுந்து திண்ணையில் ஒரு அகல் விளக்கு. நல்லெண்ணெய், ஒற்றைத் திரி. முன்னால் ஒரு மணி நேரம் உட்காருவேன். மந்திரம் கிடையாது, படம் கிடையாது. முதல் இருபது நிமிஷம் பென்ஷன், முழங்கால் வலி, மருமகன் வாங்கின கடன் எல்லாம் வந்து போகும். அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் வராது. அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் உட்காருகிறேன். சில நாள் அதுவும் கிடைக்காது. மாதத்தில் ஒரு நாள் வடலூர் போய் தருமச்சாலையில் காய் நறுக்கிக் கொடுப்பேன். பூசணிக்காய் என்றால் எனக்குத்தான் விடுவார்கள், கை வலிமைக்காக இல்லை, நான் ஒரே அளவாக நறுக்குவேன். பேரேடு எழுதின கை.

என் மனைவியின் பூசை அலமாரியில் மாரியம்மனிலிருந்து வேளாங்கண்ணி மாதா வரைக்கும் இருக்கிறார்கள். அவளுக்கு நான் செய்வது புரியவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு நாள் கேட்டாள்.

‘‘யாரத்தான் கும்பிடுறீங்க?’’

‘‘தெரியல.’’

‘‘யாருன்னே தெரியாம ஒரு மணி நேரமா?’’

‘‘உனக்குத் தெரியுமா?’’

அலமாரியைத் திரும்பிப் பார்த்தாள். ‘‘பேரு தெரியும்’’ என்றாள். பேசாமல் காபி ஆற்றினாள். அதற்கப்புறம் என் அகலுக்கும் அவளே திரி திரித்து வைக்கிறாள்.

இதற்கெல்லாம் விலை இல்லாமல் இல்லை. 2004 மார்கழியில் அம்மா இறந்தபோது ஊர்ப் பறை வரவில்லை. வரி கட்டாத வீட்டுக்கு வந்தால் அடிப்பவர்களுக்குத்தான் தண்டம், அவர்கள் மேல் குறை சொல்ல முடியாது. சடங்கு செய்யப் பண்ருட்டியிலிருந்து ஆள் கூட்டி வந்தோம். அம்மாவுக்கு மேளதாளத்தோடு போக ஆசை இருந்திருக்கும். என் கொள்கைக்கு அவள் கொடுத்த வரி அது. இன்றைக்கும் எனக்கு அந்தக் கணக்கு நேராகவில்லை.

பாடை எடுக்கும் நேரத்தில் தெரு முனையில் அவர் நின்றிருந்தார், மஞ்சப்பைக்காரர். போய், ‘‘உள்ள வாங்கண்ணே’’ என்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக அவரை அண்ணே என்கிறேன். ‘‘இருக்கட்டும் தம்பி’’ என்றார். வரவில்லை. சுடுகாடு வரைக்கும் நூறடி தள்ளிப் பின்னாலேயே நடந்து வந்தார்.

அதற்கப்புறம் பல வருஷம் கழித்து, முந்திரிப் பருவத்தில், தோப்பில் அவரோடு உட்கார்ந்திருந்தபோது கேட்டுவிட்டேன். அந்த 420 ரூபாயை என்ன செய்தீர்கள் என்று. மன்னிப்புக் கேட்பதற்கு அப்படித்தான் வழி தெரிந்தது. அவருக்கு அப்போது எண்பது இருக்கும். பல் இல்லாத வாயால் சிரித்தார்.

‘‘அவங்கவங்களுக்குத் திருப்பிக் குடுத்தேன், யாரும் வாங்கல தம்பி. சாமிக்குன்னு எடுத்து வச்ச காசாச்சே. கடலூருக்குப் போயி எங்க மாரியாத்தாளுக்கு மணி வாங்கியாந்து கட்டினோம்.’’

காலனிக் கோயில் எங்கள் வீட்டிலிருந்து வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். அந்த மணிச் சத்தத்தை எத்தனையோ வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், எங்கேயிருந்து வந்த மணி என்று நினைத்ததில்லை. அவர் இப்போது இல்லை. அவருடைய பேரன்தான் காலையில் விளக்கேற்றுகிறான். சரியாக ஐந்தரைக்கு அடிப்பான், நான் அகலை எடுத்து உள்ளே வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். ராத்திரி கிரிக்கெட் பார்த்துவிட்டு அவன் தூங்கிப்போனால் ஐந்தே முக்கால், சில நாள் ஆறு. அன்றைக்கெல்லாம் நானும் அதுவரைக்கும் உட்கார்ந்திருப்பேன்.